தனியறை உள்ள ஜோடி

2.5.2000, செவ்வாய்

மாமா இன்று பின்னறையை அளந்தார். நீளம் ஒன்பதடி, அகலம் ஏழரை. டேப்பின் மறுமுனையை என்னிடம்தான் கொடுத்தார். பிடித்துக்கொண்டு நின்றேன்.

"தாராளமா ஒரு தறி உக்காரும்" என்றார் அத்தையிடம். கூடத்தில் ஏற்கெனவே இரண்டு தறி ஓடுகிறது. முதலாளி இன்னும் புடவை கேட்கிறாராம். மூன்றாவது தறி வந்தால் கிருஷ்ணவேணி அக்காவின் பிள்ளைகளை இங்கிலீஷ் மீடியத்தில் போடலாம். எல்லாம் சரிதான். ஆனால் அந்த அறையில் கிடக்கிற பழைய சாமான்களை ஒழித்துவிட்டு எங்களுக்குக் கொடுப்பார்கள் என்று கல்யாணமான நாளிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேனே — யாரும் அப்படிச் சொல்லவில்லைதான். நானாக நினைத்துக்கொண்டது.

வீட்டில் எட்டுப் பேர். கூடத்தில் தறிகளுக்கு நடுவே என் கணவரின் அண்ணன், அவர் மனைவி கிருஷ்ணவேணி அக்கா, இரண்டு பிள்ளைகள். தெருவில் கட்டில் போட்டு மாமாவும் இவரும். அடுப்பங்கரையில் அத்தையும் நானும், ஒரே பாயில். விடிந்ததும் அதே அத்தை கேட்கிறார்: "ரெண்டு வருசம் ஆவுது. இன்னும் ஒண்ணத்தையும் காணோமே?"

சிரிப்பதா, குழவிக்கல்லைத் தூக்குவதா?

4.5, வியாழன்

இவரிடம் சொல்ல வேண்டும். எங்கே வைத்துச் சொல்வது?

7.5, ஞாயிறு

எனக்குச் செருப்பு வாங்கவென்று இவரும் நானும் காஞ்சிபுரம் போனோம். ஐயம்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில் ஒன்பது பேர், பேச வழியில்லை. பஸ் ஸ்டாண்டில் கரும்புச்சாறு குடிக்கும்போது கேட்டேன். அந்தப் பின்னறை நமக்கு வேண்டும், மாமாவிடம் கேளுங்கள் என்று.

"அப்பாகிட்ட இன்னான்னு போய்க் கேக்கறது ஜெயா?" என்றார். கிசுகிசுவென்றுதான் சொன்னார். அத்தனை இரைச்சலில் யார் காதில் விழப்போகிறது? பழக்கம்.

பிறகு டம்ளரைப் பார்த்துக்கொண்டே, "அம்மா வேற சொல்லிக்கினு இருக்குது. ஆடிக்கு உன்ன திருப்புட்குழில உங்கம்மா ஊட்ல உட்டுட்டு, அப்புறம் பாத்துக்கலாம்னு."

"பாத்துக்கலாம்னா?"

எனக்கு அர்த்தம் தெரியாதா? எதிர்வீட்டு மருமகள் போன வருஷம் ஆடிக்குத் தாய்வீடு போனாள். ஆவணியில் கூப்பிட யாரும் போகவில்லை. தையில் அவனுக்கு வேறு கல்யாணம் ஆயிற்று. மீதிச் சாற்றை அவரிடமே கொடுத்துவிட்டேன்.

10.5, புதன்

என்ன காரியம் செய்துவிட்டேன்!

கலியாணசுந்தரம் வாத்தியார் சென்சஸுக்கு வீட்டுக் கணக்கெடுக்க வந்தார். மாமா நாற்காலி போட்டு உட்காரவைத்தார். கூரை என்ன, ஓடு. சுவர் செங்கல். டிவி உண்டு, சைக்கிள் இரண்டு. நான் அடுப்பங்கரை வாசலில் தறிக்கு நூல் தார் சுற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். புழங்குகிற அறை எத்தனை? கூடம் ஒன்று, பின்னால் ஒன்று.

"கல்யாணமான ஜோடி எத்தன?"

"ரெண்டு" என்றார் மாமா.

"நீங்களும் வீட்டம்மாவும்?"

மாமா சிரித்தார். "நாங்க இன்னா சார் ஜோடி? பேரப்புள்ளைங்க எடுத்தாச்சி."

"கணக்குல உண்டுங்க."

"அப்ப மூணு போட்டுக்கங்க."

"அதுல தனியாப் படுக்க அறை இருக்கற ஜோடி?"

தறி நின்றது. இவர் ஊடுநூல் நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு குனிந்தே இருந்தார். மாமா வாசலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "மூணுக்கும் இருக்குது சார். எழுதிக்கங்க."

வாத்தியார் கூடத்தைப் பார்த்தார். பேனா நின்றது.

"இல்ல சார். ஒருத்தருக்கும் இல்ல. பூஜ்யம்னு எழுதுங்க."

என் குரல்தான். வாத்தியார் தலை நிமிராமல் எழுதினார். தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து போய்விட்டார்.

அத்தை என் கையிலிருந்த தாரைப் பிடுங்கி எறிந்தார். "ஊர்ப்பட்டவங்ககிட்ட எங்க படுக்கறோம்னு சொல்லுவியா? வெக்கங்கெட்டவளே!"

13.5, சனி

மூன்று நாளாக ஒருத்தரும் பேசவில்லை. இன்று இவர் கிணற்றடியில் என்னைத் தாண்டிப் போகும்போது, "மானத்த வாங்கிட்ட" என்றார். அவ்வளவுதான்.

திங்கட்கிழமை தறிக்குழி வெட்ட ஆள் வருகிறது. மாமா அத்தையிடம் சொன்னது காதில் விழுந்தது: "ஆடி வரிக்கும் இன்னாத்துக்கு? இப்பவே போய் அவங்க ஊட்ல இருக்கட்டும்." அத்தை அந்தப் பின்னறையையே பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டியில் துணியை எடுத்து வைத்துவிட்டேன். நாலு புடவை, இந்த நோட்டு. வேறென்ன இருக்கிறது எனக்கு இங்கே?

15.5, திங்கள்

எப்படி எழுதுவேன் இதை?

காலையில் கடப்பாரையோடு இரண்டு பேர் வந்தார்கள். பின்னறை நட்டநடுவில் அத்தை சம்மணமிட்டு உட்கார்ந்து புளி ஆய்ந்துகொண்டிருந்தார்.

"ஏந்திரு பூவம்மா, ஆள் நிக்குது" என்றார் மாமா.

"மாட்டேன்."

"பைத்தியமா புட்சிருக்குது?"

"அந்த வாத்தியார் மூணு ஜோடின்னு எழுதிக்கினு போனாரே, அதுல ஒண்ணு நானு." அத்தை புளியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "முப்பத்திரண்டு வருசமா இந்த ஊட்ல ஒரு நாள் கதவ சாத்திக்கினு படுத்ததில்ல. உங்கம்மா பக்கத்துல படுத்தேன். இப்ப மருமவ பக்கத்துல படுக்கறேன். ரெண்டு புள்ள பெத்தேன். எப்டி பெத்தேன்னு எனக்கே தெரியல."

கடப்பாரைக்காரர்கள் தெருவுக்குப் போய் பீடி பற்றவைத்துக்கொண்டார்கள். மாமா கத்தினார். அத்தை கொட்டையை ஒரு பக்கம், புளியை ஒரு பக்கம் போட்டுக்கொண்டே இருந்தார். கிருஷ்ணவேணி அக்கா ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுபோய் வைத்துவிட்டு, அவரும் பக்கத்தில் உட்கார்ந்து புளியில் கை வைத்தார். நான் போகவில்லை. தைரியம் வரவில்லை. வாசற்படியில் நின்று அழுதேன்.

அடுப்பு எரியவில்லை. பிள்ளைகள் பன் தின்றன. இரண்டு மணிக்கு ஆட்கள் அரைக்கூலி வாங்கிக்கொண்டு போனார்கள். மாமா சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட்டார்.

அத்தை முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "உனக்காக ஒண்ணும் செய்யல" என்றார் என்னிடம். "போ, சோறாக்கு."

18.5, வியாழன்

சாமுவேல் ஆசாரி வந்து பின்னறைக்குக் கதவு போட்டார். உள்ளே தாழ்ப்பாள். மூன்றாவது தறிக்குப் பக்கத்துத் தெருவில் வாடகைக்கு இடம் பிடித்திருக்கிறார் மாமா. வருகிற கூலியில் வாடகை போய்விடும் என்பதை என்னைப் பார்த்துதான் சொன்னார்.

அத்தை புதுப்பாய் ஒன்றைக் கொண்டுவந்து போட்டார். "மொதல்ல நீங்க. எங்க மொற அப்புறம். ஆனா இனிமே சாக்கு சொல்லக் கூடாது, ஆமா."

இதுவரைக்கும் அறை இல்லை என்றாவது இருந்தது. இப்போதுதான் நிஜமாகவே பயமாக இருக்கிறது. இவர் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

19.5, வெள்ளி

நேற்று ராத்திரி தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு இவர் கதவிலேயே சாய்ந்து நின்றார். நானும் நின்றேன். "அன்னிக்கி நான் சொல்லியிருக்கணும்" என்றார். "நீ சொல்லிட்ட."

அப்புறம் உட்கார்ந்தார். ஏழாவது படிக்கும்போது பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய் ஏனாத்தூரில் விழுந்தது, பஸ் டிரைவர் ஆக ஆசைப்பட்டது, அதற்காக மாமாவிடம் அடி வாங்கியது. முதலில் கிசுகிசுத்தார். போகப் போகக் குரல் ஏறியது. இவருக்கு இப்படி ஒரு கணீரென்ற குரல் உண்டு என்று எனக்குத் தெரியாது. நான் என் கதையைச் சொன்னேன். வேறு ஒன்றும் இல்லை. விடிந்துவிட்டது.

அத்தை அடுப்பை ஊதிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தார். எதிர்பார்த்ததுதான்.

"இன்னாம்மா?"

"பேசிக்கினு இருந்தோம் அத்தை."

"ராத்திரி பூராவா?"

தலையாட்டினேன். திட்டு விழும் என்று நின்றேன். அத்தை ஊதுகுழலைக் கீழே வைத்தார். கூடத்தில் மாமா இருக்கிறாரா என்று எட்டிப் பார்த்தார். பிறகு, கிண்டல் கொஞ்சமும் இல்லாமல், மெதுவாகக் கேட்டார்: "அவ்ளோ நேரம் இன்னாதான்மா பேசுவாங்க?"

பக்கத்தில் உட்கார்ந்து, முதலிலிருந்து சொன்னேன்.