பேரை அழிச்சதுக்கப்புறம்

20.10.97 திங்கள்
பாப்பு, காலையிலிருந்து தூறல். நனைஞ்சுட்டே கம்பெனிக்கு. நீ உக்காந்து டைப் அடிச்ச ரூமை நான் கூட்டறது, இது ரெண்டாவது மாசம்.

கம்ப்யூட்டர் மறுபடி நின்னுபோச்சு. உன் இடத்துக்கு வந்த கவிதா கொட்டேஷன் அடிச்சுட்டு இருந்தா. எழுத்து அப்படியே கல்லாட்டம். எந்த பட்டனுக்கும் அசையல. மேனேஜர் வந்து டப்புன்னு சுவிட்சை அணைச்சார். அரை நாள் அடிச்சது போச்சு. ஃபேனு, மோட்டாரு, கம்ப்யூட்டரு எல்லாத்துக்கும் அவருக்குத் தெரிஞ்ச வைத்தியம் அது ஒண்ணுதான்.

"அந்தப் புள்ள சாகறக்கு முந்தி என்னமோ பண்ணிப்போட்டு போயிருச்சுங்க." கணக்குப்பிள்ளைகிட்ட சொல்றார். நான் டீ டம்ளரோட அங்கயேதான் நிக்கறேன். மனுசனா இவன்.

21 செவ்வாய்
மழை இல்ல. துணி காயல.
ஆயுத பூஜை வரைக்கும் கம்ப்யூட்டர் ஒருநாளும் நிக்கல. எல்லாரும் உன் பேரை அடிச்சு உள்ள நுழைஞ்சுதான் வேலை பார்த்தாங்க. பூஜைக்கு முந்தின நாள் மேனேஜர், "செத்தவ பேரை உள்ள வெச்சுட்டு மிஷினுக்குப் பொட்டு வெக்கறதா? அழிங்க"ன்னார். உள்ள நுழைய கவிதாவுக்குப் புதுப் பேர். அன்னையிலிருந்துதான் இந்தக் கூத்து. படிச்சவங்க! பேரை அழிச்சதாலதான்னு ஒருத்தருக்கும் தோணல.

சாயங்காலம் உன் நோட்டை எடுத்தேன். 'திரை நின்னா'ன்னு தமிழ்ல ஒரு தலைப்பு.

வாங்கணும்: சோப்பு, சீமெண்ணெய், உங்கப்பாவுக்கு மாத்திரை.

22 புதன்
நோட்டைக் கவிதாகிட்ட காட்டினேன். கன்ட்ரோலும் எஸ்ஸும் சேர்த்து அமுக்கினா திரை நிக்கும், கெட்டுப்போகல. கன்ட்ரோலும் கியூவும் அமுக்கினா ஓடும். நிக்காமலே இருக்க, அவங்கவங்க பேர்ல உள்ள நுழைஞ்சதும் மிஷின் தானா படிக்கிற ஃபைல்ல ஒரு வரி. எல்லாம் உன் கையெழுத்து.

"ஐயோ, சேவ் ஆகும்னு நான் அதைத்தானுங்கம்மா அமுக்கறேன்! கம்ப்யூட்டர் கிளாஸ்ல அப்படித்தான் பழகுனது."

நான் ஒவ்வொரு எழுத்தா சொல்ல, அவ அடிச்சா. எஸ், டி, டி, ஒய். இடம் விட்டு சின்னக் கோடு. ஐ, எக்ஸ், ஓ, என். எட்டாவது படிச்சது இதுக்காவது ஆச்சு. வெளிய போய் மறுபடி நுழைஞ்சு, வேணும்னே பத்து தடவை எஸ் அமுக்கினா. நிக்கல.

மேனேஜர் எட்டிப் பார்த்து, "வோல்டேஜ் சரியாயிருச்சாட்ட இருக்குது." த்தூ.

"எம் புள்ள எழுதின வரிங்க."
"ஓ, அப்படிங்களா." டீயை உறிஞ்சறார்.
கவிதா விடல. "சார், அந்த அக்கா ஒண்ணும் கெடுக்கலீங்க. அவங்க சரி பண்ணி வெச்சிருந்ததை நாமதான் அழிச்சுப்போட்டோம்." கணக்குப்பிள்ளை காதுலயும் விழுந்துச்சு. அது போதும்.

23 வியாழன்
நாள் முழுக்க நிக்கல. கணக்குப்பிள்ளை, "உங்க புள்ள கெட்டிக்காரிங்க, அம்மணி." இப்பத்தான் தெரிஞ்சுதாக்கும்.

டம்ளர் எடுக்கறப்ப கவிதா மெதுவா சொன்னா. பேரை அழிச்சா அந்தப் பேர்ல இருந்த ஃபைலெல்லாம் சேர்ந்து போயிருமாம். திரும்ப வராதாம். அழிக்கறதுக்கு முந்தி பட்டியல்ல ஒண்ணு பார்த்தாளாம். 'அம்மா'ன்னு, இங்கிலீஷ் எழுத்துல.
"தொறந்து பார்க்கலீங்கம்மா. மேனேஜர் பக்கத்துலயே நின்னாருங்க."

அதுல எனக்கு என்ன எழுதியிருந்தே, பாப்பு?