பவுடர் மேசை

மார்ச் 14, வெள்ளி

மகள் கல்யாணத்துக்கு அழைக்கப் பக்கத்துத் தெரு பார்வதி வீட்டுக்குப் போனேன். கிரில் கதவைத் திறக்காமலே, "இந்த மாசம் வேணாம் லா அக்கா, போன மாசம் வாங்கின சத்துப் பவுடரே அப்படியே இருக்கு" என்றாள். பத்திரிகையைக் காட்டியதும் பதறித் திறந்தாள். எனக்குக் கோபமில்லை, அவளும் வீடு வீடாகத் தண்ணீர் ஃபில்டர் விற்கிறவள்தான்.

என்னை இந்தப் பவுடர் வியாபாரத்தில் சேர்த்துவிட்ட சாந்தி மாலையில் போன் செய்தாள். "மண்டபத்துல ஐநூறு பேரு வருவாங்க. வாசல்ல பவுடர் விக்க ஒரு மேசை போட்டுடலாம் அக்கா."

வேண்டாம் என்றேன்.

"எல்லாரும் போடறதுதானே?"

அவள் மகன் கல்யாணத்தில் அந்த மேசையில் இருந்தவள் நான்தான். தாலி கட்டியபோது யாருக்கோ பவுடர் கலக்கிக்கொண்டிருந்தேன்.

நாளைக்கே மிச்ச டின்களை சாந்தி வீட்டில் இறக்கிவிடுவேன். பிறகு பார்வதி வீட்டுக்கு வெறுங்கையோடு போய், சும்மா உட்கார்ந்துவிட்டு வருவேன்.