காம்பு கிள்ளிய வெற்றிலை

அன்புள்ள அம்மாவுக்கு,

எதையும் மறைக்காமல் உள்ளபடி எழுதுகிறேன். போலந்தில் வீட்டுவேலை என்றுதான் ஏஜென்ட் உன்னை அனுப்பினார். வேறு நாட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டதாகப் போனில் அழுதாய்.

"இந்த வீட்டு ஃபிரிட்ஜ் கதவுல இந்த நாட்டு மேப்பு ஒட்டியிருக்கு. காம்பு கிள்ளுன வெத்தலையாட்டம் இருக்கு. எந்த நாடுன்னு பாத்துச் சொல்லு தாயி" என்றாய். அதன்பிறகு உன் போன் பன்னிரண்டு நாளாக அணைந்தே கிடக்கிறது.

சின்னமனூர் நூலகத்து வரைபடத்தில் பெயர்களை மூடிவைத்து, வடிவத்தைப் பார்த்தே ஐரோப்பிய நாடுகளைச் சொல்லப் பழகிவிட்டேன். பாஸ்னியாவும் வெற்றிலைபோல் இருக்கிறது, லித்துவேனியாவும் இருக்கிறது.

"உங்கம்மாவைத் தேடச் சொல்லுற மனுவை நாட்டுப் பேரில்லாம கலெக்டர் ஆபீசுல வாங்க மாட்டேங்கிறாக. ஏதாச்சும் ஒண்ணை எழுது ஆத்தா" என்கிறார் அப்பா. நான் தப்பாக எழுதினால் நீ இல்லாத நாட்டில் அல்லவா உன்னைத் தேடுவார்கள்?

இன்றும் மனுவில் நாட்டின் பெயரை எழுதவில்லை. நூலகத்தில் விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.

உன் மகள்