யூசுப்பின் அம்மா

என் அன்பு மச்சாள் ஆரணிக்கு,

சொந்தமே இல்லாத நம்மை மச்சாள்மார் ஆக்கியது விம்பிள்டன் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் நாம் ஒட்டி உட்கார்ந்த கடைசி வாங்கு. அந்த உரிமையில் எழுதுகிறேன். வீடு கட்டிக் கொடுக்கும் தொண்டுக்கென்று யூனிவர்சிட்டியில் நாம் இரண்டு பேரும் பெயர் கொடுத்தோமே, அந்த ஜோர்தான் பயணத்துக்கு நான் தனியே போய் வந்துவிட்டேன். கோபமா?

பத்து மாணவர்கள், ஒரு கிராமம், பாதியில் நின்ற ஒரு வீடு. விடியும்போது மலைகள் வெளிறிப்போய், இருக்கின்றனவா இல்லையா என்பதுபோல் நிற்கும். தூரத்தில் தொழுகைக்கு அழைக்கும் குரல் கேட்கும்போது நான் விழித்திருக்கிறேனா என்றே தெரியாது. சீமெந்துக் கற்களைக் கைமாற்றும் வரிசையில், பக்கத்தில் நீ நிற்கிறாய் என்ற நினைப்பில் வெறும் காற்றுக்குக் கல்லை நீட்டிவிட்டேன். அது என் காலிலேயே விழுந்தது. சிரிக்காதே. நகம் உடைந்தாலே ஊரைக் கூட்டுகிறவள், நீ மட்டும் சாந்து குழைத்திருப்பாயாக்கும்!

புறப்படும்போதும் எனக்கு உன் அம்மாவின் நினைவுதான். நோய் உன்னைக் கொண்டுபோன பிறகு அவர் கோயிலுக்கு வருவதில்லை. நான் போனாலும் வாசலிலேயே நிறுத்திவிடுவார். "சுகமாய் இருக்கிறீங்களோ அன்ரி?" என்று கேட்பேன். "ஓம்" என்பார். அவ்வளவுதான். அவரையும் இழந்துவிடுவோமோ என்று பயந்துகொண்டேதான் பிளேன் ஏறினேன்.

நாங்கள் கட்டிய வீடு ஒரு தாய்க்கு. ஊரே அவரை உம்மு யூசுப் என்று கூப்பிட்டது. யூசுப்பின் அம்மா என்று அர்த்தம். அங்கே மூத்த பிள்ளையின் பெயரைச் சொல்லித் தாயை அழைப்பதுதான் மரியாதை. நானும் அப்படியே அழைத்தேன். மத்தியானத்தில் சுடச்சுட ரொட்டியும், புதினா போட்ட தேநீரும் கொண்டுவருவார். வேண்டாம் என்றால் அவருக்குக் காது கேட்காது.

ஐந்தாம் நாள்தான் யூசுப் உயிரோடு இல்லை என்று தெரிந்தது. நம் ஆட்களின் பழக்கம் உனக்குத் தெரியுமே. வெந்த புண்ணில் வேல் பாய்ச்சக் கூடாதென்று போனவரின் பெயரையே எடுக்கமாட்டோம். அன்று முழுக்க, உம்மு யூசுப் என்பதை விட்டுவிட்டு, எந்த அம்மாவையும் கூப்பிடுவதுபோல் அவரை நான் 'அன்ரி' என்றேன்.

பின்னேரம் அவர் தேநீர்த் தட்டைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். ஏதோ கேட்டார். எங்களோடு வந்த ஸல்மாவுக்கு அரபு தெரியும். அவள் தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தாள்.

"மகன் போய்விட்டான். நான் இன்னும் அவனுடைய அம்மாதானே? அந்தப் பெயரை ஏன் என்னிடமிருந்து எடுத்துவிட்டாய்?"

மச்சாள், எனக்கு வெட்கமாய்ப் போய்விட்டது. சின்ன வயதிலிருந்து உன் அம்மாவை நான் 'ஆரணியின்ரை அம்மா' என்றல்லவா கூப்பிட்டேன்? இந்த 'அன்ரி' எப்போது வந்தது? உன் செத்தவீட்டுக்கு அடுத்த நாள். கோயில் ஆட்கள் எல்லாரும் அப்படியே மாற்றிக்கொண்டோம். நல்லது செய்கிறோம் என்று நினைத்து, அவரிடம் மிச்சமிருந்த உன்னையும் பறித்துவிட்டோமா?

"உம்மு யூசுப்" என்றேன். அவர் என் சீமெந்துக் கையைத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டார். வெயில் தாழ்ந்து, கூரை இல்லாத அந்த அறைக்குள் மஞ்சளாய் நிறைந்தது.

போன சனிக்கிழமை ட்ராம் பிடித்து உங்கள் வீட்டுக்குப் போனேன். மணியை அடித்த பிறகு, திரும்பி ஓடிவிடலாமா என்றிருந்தது. உன் அம்மா வந்து கதவைத் திறந்தார்.

"ஆரணியின்ரை அம்மா, நான் வந்திருக்கிறன்."

அவர் அசையவில்லை. பிழைவிட்டுவிட்டேன் என்றே நினைத்தேன்.

"இன்னொருக்காச் சொல்லு பிள்ளை" என்றார்.

சொன்னேன். அதற்குப் பிறகு இருவரும் அழுததை உனக்கு எழுதத் தேவையில்லை. உள்ளே கூட்டிப்போய் இருத்தி, கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "அங்கை சரியான வெயிலோ? அவளும் வந்திருந்தா நல்லாக் கறுத்திருப்பாள், என்ன?"

கறுத்துத்தான் இருப்பாய், ஆரணி. அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

ஒரு சத்தியம் செய்கிறேன். கோயிலில், கடையில், பஸ்ஸில், யார் முகம் சுளித்தாலும் இனி நான் உன் அம்மாவை உன் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவேன். பலமாகக் கூப்பிடுவேன். என்னையும் யாராவது யார் என்று கேட்டால், கீழே எழுதியிருப்பதைத்தான் சொல்வேன்.

ஆரணியின் மச்சாள்