கெஸ்லிங் என்றால் என்ன

பிளம் ஃபோர்க், இண்டியானா
அக்டோபர் 12

அன்பு மகன் நோலனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் சுகம், அவருடைய முட்டிவலி தவிர. அலாஸ்காவின் அந்தக் குளிரில் நீயும் சுகம்தான் என்று உன் கையால் எழுதி வந்தால்தான் எங்கள் சுகம் முழுசாகும். போனில் பேசியிருக்கலாம், ஆனால் நான் ஏதாவது ஆரம்பித்தால் நீ உடனே லைன் சரியில்லை என்பாய், எனக்கும் அழுகை வந்துவிடும். இங்கே ஒரு விஷயம் நடந்து ஒரு வாரம் ஆகியும் எனக்குப் படபடப்பு அடங்கவில்லை, எழுத்து கோணலாக இருந்தால் சிரிக்காதே.

போன ஞாயிறு மதியம் நம் சர்ச்சில் மீன் விருந்து. நீ அங்கே மீன் பிடிக்கிறாய், நான் இங்கே பொரிக்கிறேன், நம் குடும்பத்துக்கு அப்படி ஒரு ராசி. கல்லூரி கூடைப்பந்து அணிக்குப் புதிதாகக் கையெழுத்துப் போட்டிருக்கும் பையனையும் அவன் அப்பாவையும் ஊருக்கு அறிமுகப்படுத்தத்தான் இந்த விருந்து. பையன் பெயர் டெமோன் ஹாலோவே, மெம்ஃபிஸ்காரன், பதினெட்டு வயது, வாசலில் குனிந்துதான் உள்ளே வந்தான். ஊர் சும்மா இருக்குமா, பெட்ரோல் பங்க் காபி மேசையில் தினமும் கூடி ஆட்டக் கதை பேசுகிறவர்கள் மொத்தப் பேரும் அவனைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். கையப் பாருய்யா, அப்படியே லோனி ப்ரூயிட் கை என்கிறார் ஒருவர். போய்யா, ப்ரூயிட் வந்தப்ப வெறும் எலும்பு, இவன் டச் வீலர் மாதிரி, தோளப் பாரு என்கிறார் இன்னொருவர். முப்பது வருஷமாக ஒரு ஆட்டம் விடாத ஹார்லன் கிழவர், வீலருக்கு எடது கை வராது, இவனுக்கு வருதான்னு மொதல்ல பாருங்கடா, அப்புறம் சிலை வைக்கலாம் என்றார். அந்தப் பையன் தலையைத் தூக்காமல் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தான். இத்தனை பழைய ஆட்டக்காரர்களைச் சொன்னார்களே, உன் பெயரை ஒருவரும் சொல்லவில்லை. என் மகனும் இதே அணிக்குத்தானே கையெழுத்துப் போட்டான், பதினோரு வருஷத்தில் மறந்துவிட்டார்களா என்று எனக்கு உள்ளுக்குள் கோபம்.

அப்போது பையனின் அப்பா இன்னொரு துண்டு மீனுக்குத் தட்டோடு என்னிடம் வந்தார். கர்ட்டிஸ் என்று பெயர், லாரி ஓட்டுகிறாராம், நல்ல மரியாதையான மனுஷர். ஊரே உங்க பையன நம்பி இருக்கே, பயமா இல்லையா என்று பேச்சுக்குக் கேட்டுவைத்தேன். அவர் சிரித்துக்கொண்டே, பயமெல்லாம் இல்லம்மா, என் பையன் ஒண்ணும் கெஸ்லிங் ஆயிட மாட்டான் என்றார்.

காது சரியில்லையோ என்று நினைத்தேன் நோலன். என்ன ஆயிட மாட்டான் என்று திரும்பக் கேட்டேன். உங்க ஊர் வார்த்தைதானேம்மா, பையனப் பயிற்சிக்குக் கொண்டுவந்து விட்ட ஜூன்லேர்ந்து கேட்டுக்கிட்டிருக்கேன், மேளம் தட்டிக் கூட்டிட்டு வருவாங்க, கடைசியில ஒண்ணுமில்லாம போயிடுவான், அப்படிப்பட்டவனுக்குப் பேரு கெஸ்லிங்காம், எனக்குக்கூட வாயில ஒட்டிக்கிச்சு என்று அந்த மனுஷர் எனக்கே விளக்கம் சொல்கிறார். பக்கத்து மேசையில் பேச்சு அப்படியே நின்றது. ஹார்லன் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். மீன் எடுக்கும் இடுக்கி என் கையிலிருந்து கீழே விழுந்தது. அது வார்த்தை இல்லீங்க, என் பிள்ளை, நான்தான் வெர்னா கெஸ்லிங் என்றேன். பாவம், அவர் முகம் செத்துவிட்டது. ஆளோட பேருன்னு சத்தியமா தெரியாதும்மா என்று இரண்டு தடவை சொன்னார், தட்டை எங்கே வைப்பதென்றுகூடத் தெரியாமல் நின்றார்.

வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் கொட்டினால் அவர் என்ன சொன்னார் தெரியுமா, எனக்கு ஆறு வருஷமா தெரியும் வெர்னா என்று சொல்லிவிட்டுப் புல்வெட்டும் மிஷினைப் பார்க்கப் போய்விட்டார். ஆறு வருஷம்! நான் பங்க்குக்குள் நுழைந்தால் அந்த மேசை அடங்கிப்போகுமே, அதை என் மேல் வைத்த மரியாதை என்று நம்பிக்கொண்டிருந்தேன், எவ்வளவு பெரிய முட்டாள் நான். உன் அப்பாவோடு இரண்டு நாள் பேசவில்லை, சோறு மட்டும் போட்டேன்.

இதில் பாதிதான் அதிர்ச்சி, மீதி மறுநாள் வந்தது. ஹார்லன் மன்னிப்புக் கேட்க வீட்டுக்கு வந்தார். மன்னிப்பு இருக்கட்டும், இதை முதலில் ஆரம்பித்தது யார், ஆளைக் காட்டு என்று நான் கத்தினேன். அவர் வண்டிக்குப் போய் ஒரு பழைய பேப்பர் துண்டைக் கொண்டுவந்து, நீயே படிச்சுக்க வெர்னா என்று கையில் கொடுத்தார். நீ கையெழுத்துப் போட்ட நாள் படம். கல்லூரித் தொப்பியோடு நீ, உன் தோளில் கை போட்டு நான், அதன் கீழே நான் சொன்னதாக அச்சடித்திருக்கிறது: ப்ரூயிட்டை எல்லாரும் மறந்துடுவாங்க, கெஸ்லிங்னா என்னன்னு இனிமே இந்த ஊரே சொல்லும்.

நான்தான் சொல்லியிருக்கிறேன் நோலன். யார் மேலும் பழி போட முடியாது, அந்த வார்த்தையை ஊர் வாயில் போட்டதே நான்தான். படத்தில் நான் கேமராவைப் பார்த்துப் பல்லைக் காட்டுகிறேன், நீ என்னைப் பார்க்கிறாய். உன் கண்ணில் இருந்த பயத்தை அன்றைக்கு நான் பார்க்கவே இல்லையே. நீ நானும் ஊரும் சொன்ன அளவுக்குப் பெரிய ஆட்டக்காரன் இல்லை, சின்ன மைதானத்தில் நன்றாகப் பந்து போட்ட நல்ல பையன், அவ்வளவுதான். அது ஒரு குற்றமா? கல்லூரியில் இரண்டாவது வருஷம் நீ அணியை விட்டு அலாஸ்காவுக்கு மூட்டை கட்டியபோது நான் வாசலுக்குக்கூட வரவில்லை. அதற்கும் இதற்கும் சேர்த்து என்னை மன்னித்துவிடு மகனே.

வியாழக்கிழமை கர்ட்டிஸும் மன்னிப்புக் கேட்க வீட்டுக்கு வந்தார். அந்தப் பேப்பர் துண்டை அவரிடம் காட்டினேன். படித்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். போன வாரந்தான் நிருபர் வந்தாரு, என் பையன் ப்ரூயிட்டையும் தாண்டுவான்னு சொல்லித் தொலைச்சிருக்கேம்மா, அடுத்த வாரம் பேப்பர்ல வருது, இப்ப என்ன செய்யறது என்று என்னையே கேட்கிறார். இப்பவே போன் போடுங்க, என் பையனுக்குப் பதினெட்டு வயசு, மீன்ல முள்ளு எடுக்கத் தெரியாது, அதை மட்டும் போட்டுக்குங்கன்னு சொல்லுங்க என்றேன். நம் சமையலறையில் நின்றே போன் போட்டார்.

இனி உன் விஷயம். வருஷா வருஷம் வீட்டுக்கு வர முடியாது, மீன் பருவம் மீன் பருவம் என்று நீ எழுதியதை நம்பினேன். ஹார்லனின் மருமகனும் உன் பக்கத்துத் துறைமுகத்தில்தான் வேலை பார்க்கிறான், செப்டம்பரோடு முடிந்துவிடுமாமே. கோபமில்லை, ஏன் என்று இப்போது எனக்குத் தெரியும். ஆட்டம் பார்க்க வா என்று கூப்பிடவில்லை. நவம்பர் கடைசியில் நன்றி நாள் விருந்துக்கு வீட்டுக்கு வா, மறுநாள் காலை நாம் இரண்டு பேரும் அந்தக் காபி மேசையில் போய் உட்காரலாம். யாராவது அந்த வார்த்தையைச் சொன்னால் அது என் வார்த்தை என்று நானே சொல்லிக்கொள்கிறேன். வரப் பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்றே எழுது, மீன் மேல் மட்டும் பழி போடாதே.

கடவுள் உன்னைக் கண்போல் காக்கட்டும், உன் வலையும் உன் கையும் நன்றாக இருக்கட்டும். ஈரக் காலுறையோடு தூங்காதே. அப்பா உன் அறைக் கதவுக்கு எண்ணெய் போட்டுவிட்டார், நான் சொல்லவில்லை, அவராகத்தான் போட்டார். கடிதத்தின் அடியில் அம்மா என்று மட்டுமே எழுதிப் பழக்கம், இன்று முழுசாக எழுதுகிறேன்.

என்றும் உன்,
அம்மா
வெர்னா கெஸ்லிங்