பின்சீட்டின் நடுவில் உட்கார்ந்தவருக்கு

மதிப்பிற்குரிய சார்,

உங்கள் படத்திறப்புக்கு வருவதற்காக நேற்று மேலூரில் ஒரு வாடகைக் கார் பிடித்தோம். நம் கம்பெனி பெயிண்ட் ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மூவரும் நானும். முழங்கால் வலிக்காரர் முன்சீட்டில் ஏறிவிட்டார். மற்ற இருவரும் ஆளுக்கொரு ஜன்னலைப் பிடித்துக்கொண்டார்கள். இருபது வருஷம் தொழிற்சங்கச் செயலாளராக இருந்தவனுக்கு மிஞ்சியது நடு இடம். உட்கார்ந்ததும் என் கை தன்னால் பின்னுக்குப் போய்ச் சாய்மானத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்தது. கொக்கி சரியாகத்தான் பிடித்திருந்தது. அதற்குள் நீங்கள் பக்கத்தில் வந்துவிட்டீர்கள்.

நடு சீட்டு உங்களுடைய இடம். கார் கம்பெனி எம்.டி. ஒருவர் அங்கே இடுக்கிக்கொண்டு உட்காருவார் என்று வெளியில் சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஒவ்வொரு புது மாடலிலும் லைனை விட்டு இறங்கும் முதல் காரில் மேனேஜர் யாரும் ஏறக் கூடாது. எங்களில் ஒருவர் ஓட்ட வேண்டும், இரண்டு பேர் ஜன்னலோரம், நடுவில் நீங்கள். ரிங் ரோட்டைப் பிடித்து அவனியாபுரம் போய், ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்ப வேண்டும். ஏன் இந்தக் கஷ்டம் என்று நான் ஒருமுறை கேட்டதற்கு, “நடுவுல உக்காந்தவன்கிட்ட யாரும் ஒண்ணும் கேக்குறதில்ல செயலாளரே. அவனுக்குத்தான் எல்லாம் தெரியும்” என்றீர்கள்.

டீக்கடை அவனியாபுரத்தில் என்பதற்கும் காரணம் இருந்தது. பாலிடெக்னிக் முடித்த கையோடு அங்கே ஓர் ஒர்க்‌ஷாப்பில் கார்களுக்கு அடியில் மல்லாந்து கிடந்தவர் நீங்கள். பிறகு நம் கம்பெனியின் சர்வீஸ் பிரிவு, அடுத்து பர்சேஸ், அடுத்து புரொடக்‌ஷன் என்று ஏறி, கடைசியில் மாடி அறைக்கு வந்தீர்கள். சென்னையிலிருந்து வரும் போர்டு ஆட்கள் முதுகுக்குப் பின்னால் உங்களை ‘மெக்கானிக்’ என்பார்கள். அது காதுக்கு வந்தபோது, “சரியாத்தானய்யா சொல்றாங்க” என்று சிரித்தீர்கள்.

அந்தக் கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒரே கேள்வியை மூன்று தடவை கேட்பீர்கள். வேற ஏதாச்சும் இருக்கா? கொஞ்சம் டீ. வேற ஏதாச்சும்? மறுபடி டீ. மூன்றாவது தடவை கேட்டுவிட்டு வாயைத் திறக்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். “மொதல்ல வர்றது மரியாதைக்குச் சொல்ற பதிலு. மூணாவது தடவை கேட்டாத்தான் வயித்துல இருக்கது வெளிய வரும்” என்பது உங்கள் கணக்கு. வயிப்பர் கீச்சிடுவதும், பின் கண்ணாடி பாதியில் நின்றுபோவதும் அப்படித்தான் வெளியே வந்தன.

செத்துப்போனவர் என்பதற்காக உங்களைச் சாமியாக்க எனக்கு மனசில்லை சார். பிடித்தால் பிடித்த பிடி. ஏழரை மணிக்கு லைன் ஓட வேண்டும் என்றால் ஓட வேண்டும். மேலூர் பஸ் சரியாக வராமல் மூன்று நாள் காலை ஷிஃப்டுக்குத் தாமதமாக வந்த இரண்டு காண்ட்ராக்ட் தொழிலாளிகளை ஒரே நாளில் வெளியே அனுப்பினீர்கள். நான் மாடிக்கு வந்து கத்தினேன்.

“பஸ்ஸு வரலேன்னா அவங்க என்ன சார் பண்ணுவாங்க? பறந்தா வருவாங்க?”

“அதுக்கு முந்தின பஸ்ஸுல வரச் சொல்லுங்க.”

“முந்தின பஸ்ஸே கெடையாது சார்!”

நீங்கள் ஃபைலை மூடிவிட்டீர்கள். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. அந்த வாரம்தான் புதுக் காரின் முதல் ஓட்டம் வந்தது. செயலாளரும் வர வேண்டும் என்று நீங்களே சொல்லி அனுப்பியிருந்தீர்கள்.

அந்தக் காரில் பின்சீட்டுச் சாய்மானத்தை மடக்கி நிமிர்த்தினால், இடப்பக்கக் கொக்கி சரியாக விழாது. ‘டக்’கென்று சத்தம் கேட்கும், ஆனால் பிடித்திருக்காது. மேலே ஓங்கி ஒரு குத்து விட்டால் பிடித்துக்கொள்ளும். லைனில் எல்லோருக்கும் இது தெரியும். சோதனைக்குச் செய்த வண்டிகளிலேயே குத்திக் குத்தி, குத்துவதும் வேலையில் ஒரு பகுதி ஆகிவிட்டது. வாங்குகிறவனுக்குக் குத்தத் தெரியாதே என்று எனக்கு மட்டும் உறுத்தியது. எனக்கு மட்டும் என்றுதான் நேற்றுவரை நினைத்திருந்தேன்.

அன்று நீங்கள் காரில் ஏறுவதற்கு முன், நானே அந்தச் சாய்மானத்தை ஓங்கிக் குத்திப் பூட்டினேன். நீங்கள் விழுந்துவிடக் கூடாது என்ற அக்கறை இருந்தது. சொல்லக் கூடாது என்ற வீம்பும் இருந்தது. எங்கள் ஆட்களின் பஸ் கஷ்டத்தைக் காதில் வாங்காதவருக்கு இதை மட்டும் எதற்குச் சொல்ல வேண்டும்? டீக்கடையில் மூன்றாவது தடவை கேட்டுவிட்டு ரோட்டைப் பார்த்தீர்கள். உங்களுக்கு அந்தப் பக்கம் சீட்டுத் துணி தைக்கிற ரபீக் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார். நான், “ஒண்ணுமில்ல சார், வண்டி அருமையா இருக்கு” என்றேன்.

கார் விற்பனைக்குப் போன இரண்டாவது மாதம் திருமங்கலம் பக்கம் ஒரு குடும்பம் அதில் போயிருக்கிறது. டிக்கியில் அரிசி மூட்டை. சடாரென்று பிரேக் அடித்ததில் சாய்மானம் மூட்டையோடு முன்னால் சரிந்து, நடுவில் இருந்த அம்மாவின் தோள்பட்டை எலும்பு முறிந்தது. நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு நேராக வந்து லைனை நிறுத்தினீர்கள். கொக்கி செய்து கொடுத்தவர்மேல் பழியைப் போடலாம் என்றது போர்டு. அப்புறம் லைன் ஆட்கள்மேல் போடலாம் என்றது. இரண்டுக்கும் நீங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. விற்ற கார்களையெல்லாம் திரும்ப வரவழைத்தீர்கள். எங்களை முற்றத்தில் கூட்டி, “அந்த சீட்டுல சாஞ்சு உக்காந்து அவனியாபுரம் போயிட்டு வந்தவன் நான். எனக்கே தெரியலேன்னா தப்பு என்னோடது” என்று சொன்னீர்கள். நான் முன்வரிசையில் நின்றிருந்தேன், அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த வருஷம் உடல்நிலை காரணமாக நீங்கள் விலகுவதாக அறிவித்தார்கள். உங்கள் உடம்புக்கு அப்போது ஒன்றுமே இல்லை. போவதற்கு முன் நீங்கள் போட்ட கடைசிக் கையெழுத்துகளில் ஒன்று, காலை ஷிஃப்டுக்கு மேலூரிலிருந்து கம்பெனி பஸ். அந்த இரண்டு பேரையும் திரும்ப எடுத்திருந்தீர்கள். என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

நேற்று கோச்சடையில் உங்கள் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். உங்கள் வீட்டம்மா என்னைப் பார்த்ததும், “வாங்கண்ணே” என்று நாற்காலியைக் காட்டினார். கொஞ்ச நேரம் கழித்து அவராகவே சொன்னார்.

“படுத்துக் கெடக்கையிலயும் அதத்தான் சொல்லிக்கிட்டிருந்தாருண்ணே. ‘நான் உக்காந்தப்ப நல்லாத்தான இருந்துச்சு, எப்படி எனக்குத் தெரியாமப் போச்சு’ன்னு. தனக்குக் கையும் மூளையும் மழுங்கிப்போச்சுன்னே நெனச்சுட்டாரு.”

இத்தனை வருஷம் ஒரு பதவி போனதற்குத்தான் நான் காரணம் என்று நினைத்திருந்தேன். அந்த நாற்காலியில் உட்கார முடியவில்லை சார்.

மைக்கைக் கொடுத்தபோது, எழுதி வந்த பேச்சைப் பையிலேயே வைத்துவிட்டேன். “அவருக்கு ஒண்ணும் மழுங்கலம்மா. அவரு உக்கார்றதுக்கு முன்னாடி நான்தான் குத்திப் பூட்டிவிட்டேன். கொக்கி சரியில்லேன்னு தெரிஞ்சும் சொல்லல” என்றேன். பின்னாலிருந்து ரபீக் எழுந்தார். “செயலாளர் மட்டும் இல்லம்மா. அந்தப் பக்கம் நான் உக்காந்திருந்தேன். எனக்கும் உறுத்துச்சு. பெரியவங்க சொல்லுவாங்கன்னு இருந்துட்டேன்.” இன்ஸ்பெக்‌ஷனில் இருந்த செல்வி அழுதபடியே, “நானும் குத்திட்டுத்தாம்மா ஓ.கே. ஸ்டிக்கர் ஒட்டுனேன்” என்றார்.

உங்கள் வீட்டம்மா எங்களைப் பார்க்கவில்லை. மாலை போட்ட படத்தைப் பார்த்து, “கேட்டுக்கிட்டீங்களா?” என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். அது மன்னிப்பா கோபமா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் எனக்கு யோக்கியதை இல்லை.

திரும்பும்போதும் நடு சீட்டுதான். ஏறுவதற்கு முன் டிரைவரிடம், வண்டியில் ஏதாவது குறை உண்டா என்று கேட்டேன். “சூப்பரா இருக்குண்ணே” என்றார். பைபாஸ் ஏறியதும் இன்னொரு தடவை கேட்டேன். “ஏசிதான் கொஞ்சம் கம்மிண்ணே.” மூன்றாவது தடவை கேட்டுவிட்டு நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். ரொம்ப தூரம் போன பிறகு அவர் மெதுவாக, “பிரேக்கு கொஞ்சம் லேட்டாத்தாண்ணே புடிக்குது. ஓனர்கிட்ட சொன்னா வண்டிய வேற ஆளுக்குக் குடுத்துருவாரோன்னு பயம்” என்றார்.

காரை ஓரங்கட்டச் சொல்லி, ஓனரிடம் நானே போனில் பேசினேன். உங்களிடம் கத்திய தொண்டை இன்னும் போய்விடவில்லை. வண்டியை ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பச் சம்மதித்தார், டிரைவரை மாற்ற மாட்டேன் என்றும் சொல்ல வைத்தேன். ஆட்டோ பிடித்து மாட்டுத்தாவணி போய் மேலூர் பஸ் ஏறினோம். முழங்கால் வலிக்காரருக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை, வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே வந்தார்.

உங்கள் கேள்வி இப்போது என்னிடம் இருக்கிறது. போகிற இடமெல்லாம் கேட்பேன். ஆனால் அவனியாபுரத்தில் நீங்கள் மூன்றாவது தடவை கேட்டது இன்னும் பதிலில்லாமல் நிற்கிறது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

இருக்கு சார். எடப்பக்கக் கொக்கி புடிக்கல.