மல்லித்தூள் டப்பாவில் ஒரு சிவப்பு அம்பு

அக்கா,

இன்று காலை மல்லித்தூள் டப்பாவைத் துடைக்க எடுத்தேன். மூடியில் நீங்கள் ஒட்டிய சிவப்பு அம்பு ஸ்டிக்கர் இன்னும் இருக்கிறது. பனியனில் ஓட்டையோ கறையோ இருந்தால் இடத்தைக் காட்டுவதற்காகக் கம்பெனிச் செக்கிங் மேசையில் ஒட்டுவோமே, அதே அம்பு. அதன்மேல் நீலப் பேனாவில் ‘கொரியாண்டர்’ என்று எழுதியிருக்கிறீர்கள். எண்ணெய்ப் பிசுக்கு ஏறி மை மங்கிவிட்டது. துடைக்க மனம் வராமல் டப்பாவை அப்படியே திருப்பி வைத்தேன்.

என் மகன் அயர்லாந்துக்கு ஓட்டல் வேலைக்குப் போனவன், அங்கேயே ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டான். மருமகள் ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வந்து சிரிப்பாள். நானும் சிரிப்பேன். மகன் நடுவில் உட்கார்ந்து அவள் பேச்சை எனக்கும் என் பேச்சை அவளுக்கும் மாற்றிச் சொல்வான். அவன் எழுந்து போய்விட்டால் அவள் மேசையைப் பார்ப்பாள், நான் சுவரைப் பார்ப்பேன். பெற்றது ஒற்றைப் பிள்ளை. அவன் பெண்டாட்டியோடு ஒரு வார்த்தை பேசத் தெரியாவிட்டால் மெல்ல மெல்ல அவனும் இல்லாமல் போய்விடுவான் என்று எனக்குப் பயம். நெருப்பெரிச்சலுக்கு நான் குடிவந்த லைன் வீட்டில் பக்கத்து வாசலில் இருந்த உங்களிடம்தான் அதைச் சொல்லி அழுதேன்.

“அழுவாத அம்முணி. நம்ம சனம் போன்ல வேறென்னத்தப் பேசுது? சாப்டாச்சா, என்ன கொழம்பு, அவ்வளவுதான? சோத்துல இருந்தே ஆரம்பிக்கலாம் வா” என்றீர்கள்.

மதியம் மணி அடித்ததும் தூக்குப்போசியைத் திறந்து, போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைப்பீர்கள். ஏப்ரன் கட்டிய யாரோ ஒரு வெள்ளைக்காரம்மா கேரட்டை அரிந்துகொண்டே பேசுவாள். சாப், ஸ்டர், பாயில், சிம்மர். வாய் சொல்வதைக் கை செய்துகாட்டியதால் பள்ளிக்கூடத்தில் ஏறாதது எனக்கு அங்கே ஏறியது.

செக்கர் புத்தி உங்களை விடுமா? சமைத்துப் பார்க்காத சொல்லை நீங்கள் பாஸ் செய்ததே இல்லை. ‘ஸ்டீம்’ என்று நான் சொல்லிவிட்டால் போதாது, மறுநாள் இட்லியைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். தடுமாறினால் “ஆல்ட்ரேசன்” என்று கையை ஆட்டித் திருப்பி அனுப்புவீர்கள். பாஸான சொல் அம்பில் ஏறி என் அடுப்படியில் ஒட்டிக்கொள்ளும்.

அப்படி ஒட்டியதில் ஒன்று என் புடவையில் ஒட்டி வேலைக்கே வந்து, ஒரு குழந்தைச் சட்டையின் கழுத்தில் ஏறிவிட்டது. சூப்பர்வைசர் அந்தச் சட்டையை வெளிச்சத்தில் பிடித்து உள்ளும் புறமும் தேடினார். “சாப்னு எழுதியிருக்குதே, இதென்னங்க புது டேமேஜ்?” என்றார். நீங்கள் தலை நிமிராமல், “அது பொடிப்பொடியா அரியறதுங்க” என்றீர்கள். லைன் முழுக்கச் சிரிப்பு. அவரும் சிரித்துவிட்டார். அந்தக் குறும்பெல்லாம் உங்களுக்கு எங்கிருந்துதான் வந்ததோ.

பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்களும் என் பக்கத்தில் வந்து உட்கார ஆரம்பித்தீர்கள்; பேசி முடித்து இரண்டு தட்டு வைத்துச் சேர்ந்து சாப்பிடுவோம். “டுடே ஃபிஷ் கறி. ஸ்லோ ஃபயர்” என்று நான் சொன்னதும் மருமகள் முகம் மலர்ந்ததை இன்னும் மறக்கவில்லை. பதிலுக்கு அவளுக்குத் தமிழ் சொல்லித்தர நினைத்தபோதுதான் நமக்குச் சண்டை வந்தது. எங்கள் தூத்துக்குடி வழக்கப்படி “சாப்ட்டியளா” என்று நான் சொல்லிக்கொடுத்தேன். நீங்கள் பாதியில் புகுந்து, “அதென்ன அம்முணி கடல் காத்துல பறக்குறாப்ல? மருவாதியாச் சொல்லோணும். சாப்டாச்சுங்களா” என்று இழுத்தீர்கள்.

“நீங்க ங்க போட்டு இழுத்து முடிக்கதுக்குள்ள சோறு ஆறிப்போவும்க்கா” என்றேன். அவள் நம் இருவரையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தாளே தவிர, எதையும் திருப்பிச் சொல்லவில்லை.

மார்கழியில் ஒரு நாள் தண்ணீர் வந்தும் உங்கள் குடம் மட்டும் குழாயடிக்கு வரவில்லை. கதவைத் தட்டியது நான்தான். அதற்குமேல் அதை எழுத எனக்கு இஷ்டமில்லை.

உங்கள் வீட்டில் இப்போது இந்திக்காரத் தம்பதி இருக்கிறார்கள். நல்ல பிள்ளைகள். சாயங்காலம் அந்த வாசலிலிருந்து கடுகெண்ணெய் காயும் வாசம் வரும்போது மட்டும் என்னால் உள்ளே உட்கார முடிவதில்லை. செக்கிங் மேசையில் உங்கள் இடத்துக்கும் ஒரு சின்னப் பெண் வந்துவிட்டாள். சாப்பாட்டு நேரத்தில் அவள் காதில் வயரை மாட்டிக்கொள்கிறாள். நான் சுவரைப் பார்த்துச் சாப்பிடுகிறேன்.

மகன் கூப்பிட்டால் பேசுவேன். மருமகளிடம் அவன் போனைக் கொடுக்கப் போனால் அடுப்பில் பால் இருக்கிறது என்று வைத்துவிடுவேன். நீங்கள் பக்கத்தில் இல்லாமல் எனக்கு வாய் வரவில்லை அக்கா. மறுபடியும் அந்தப் பழைய பயம் வந்தது.

போன மாதம் ஒரு ஞாயிறு அவனுக்கு ஓட்டலில் வேலை. அவள் தனியாகவே கூப்பிட்டாள். அடிக்கட்டும் என்று விட்டேன். நின்று மறுபடியும் அடித்தது. எடுத்தேன்.

“அக்கா…” என்றாள். உங்களைத்தான் சொன்னாள். பிறகு ஆங்கிலத்தில் என்னவோ நீளமாகப் பேசினாள். குரல் உடைந்தது தெரிந்தது, சொல் ஒன்றும் பிடிபடவில்லை. பதில் சொல்ல எனக்குத் தெரிந்ததையெல்லாம் தேடினேன். நறுக்கத் தெரிந்தது, வதக்கத் தெரிந்தது. நாம் பார்த்த வீடியோக்களில் யாருமே சாகவில்லை அக்கா. போனை அடுப்படிப் பக்கம் திருப்பி, கவிழ்த்து வைத்திருந்த தட்டைக் காட்டினேன்.

“ஒன் பிளேட்” என்றேன். “ஒன்லி ஒன் பிளேட்.”

அவள் போனுக்கு அருகே குனிந்து அந்தத் தட்டைப் பார்த்தாள். பிறகு, “சாப்டாச்சுங்களா?” என்றாள்.

நீங்கள் இழுக்கும் அதே இழுப்பு. எனக்குத் தெரியாமல் எத்தனை நாள் தனியாகச் சொல்லிப் பார்த்தாளோ. இல்லை என்று தலையை ஆட்டினேன். அவள் எழுந்து போய் ஒரு வெங்காயத்தை எடுத்துவந்து போனுக்கு நேரே நீட்டினாள். நானும் கூடையிலிருந்து ஒன்றை எடுத்தேன். அங்கே அவளும் இங்கே நானும் அரிந்தோம். அவள் “சாப்” என்றாள். நானும் “சாப்” என்றேன். அன்றைக்கு எங்களுக்கு அது போதுமாக இருந்தது.

என் ஊர்ப்பேச்சு அவளுக்கு வரவே வராது போலிருக்கிறது, நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள். இப்போது வாரத்தில் ஒரு நாள் உங்கள் பேச்சிலேயே ஒருத்தி என்னைச் சாப்பிட்டாச்சா என்று கேட்கிறாள். மற்ற நாட்களில் சோறு வடித்ததும் நானே ஒருமுறை கேட்டுக்கொள்கிறேன். கேட்கும்போது எனக்கும் ‘ங்க’தான் வருகிறது அக்கா.